தாசில்தாரின் இடது காது

உட்காருங்கள், உட்காருங்கள். கிடா ஒன்றும் செய்யாது. முட்டுகிற கிடாதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸுக்குள் முட்டாது. எதிரே இன்னொரு கிடா நிற்கவேண்டும், சுற்றி ஆயிரம் பேர் விசில் அடிக்கவேண்டும், மைக்கில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தவேண்டும். சும்மா போகிற மனிதனை முட்டுவதை அது கௌரவக் குறைச்சலாக நினைக்கிறது. காலை மட்டும் கொஞ்சம் இப்படி ஒதுக்கிக்கொள்ளுங்கள். லக்கேஜ் டிக்கெட் வாங்கிவிட்டேன். கண்டக்டர் முதலில் முடியாது என்றுதான் சொன்னார். பெயரைச் சொன்னேன், ஏற்றிக்கொண்டார். பெயர் தாசில்தார்.

காரணமாகத்தான் வைத்தது. யார் போய் முன்னால் நின்றாலும் நிமிர்ந்து பார்க்காது. தழையை நீட்டினால் மட்டும் பார்க்கும்.

நீங்கள் கம்பம் ஸ்டாண்டில் ஏறும்போதே கவனித்தேன், பையிலிருந்து டேப் எட்டிப் பார்க்கிறது. தையல்காரரா? தேனி வரைக்குமா? நல்லது. அளவு தெரிந்த ஆள் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்காரவேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதன் இடது காதைப் பாருங்கள். நுனி இல்லை, தெரிகிறதா? வலது காது முழுசாக இருக்கிறது, இடது காது வெட்டுப்பட்டிருக்கிறது. இந்த வெட்டுக்காகத்தான் தேனிக்குப் போகிறேன். அங்கே பெரிய மதரஸாவில் ஒரு பெரிய ஹஜ்ரத் இருக்கிறார், மார்க்கச் சட்டம் படித்தவர். அவர் அளந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி ஒரு காகிதம் தரவேண்டும். அதை எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் சுவரில் நான் ஒட்டவேண்டும்.

என் பெயர் பிச்சை ராவுத்தர். ஊர் கல்லோடைப்பட்டி. வயது எழுபத்து நாலு. பொய் சொல்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அவதூறு. நடந்ததை நடந்த அளவிலேயே விட்டுவிட எனக்கு மனசு வராது, அவ்வளவுதான். நீங்களும்தான் துணியைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுத் தைக்கிறீர்கள், பிறகு பிரித்துவிடத் தோதாக இருக்கும் என்று. அதை யாராவது பொய் என்கிறார்களா?

வினை தொடங்கியது கிடாமுட்டில். கூடலூர்ப் பக்கம் ஒரு களம். தாசில்தாருக்கு எதிராக வந்த கிடாவின் சொந்தக்காரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தன் கிடா ஜமீன் வழியில் வந்தது, ஆறு தலைமுறை ஜமீன் கிடா என்று அளந்துகொண்டிருந்தான். எனக்குப் பொறுக்குமா? மைக்கை வாங்கினேன். "ஜமீனெல்லாம் நேத்து வந்ததுப்பா. என் கிடா யாரு வழின்னு தெரியுமா? இப்ராஹீம் நபி அறுத்த கிடாவோட வாரிசு இது" என்றேன்.

விசில் அடித்தவர்களெல்லாம் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் திருநீறு பூசியிருக்கிறீர்கள், இந்தக் கதை உங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். இப்ராஹீம் நபி, அலைஹிஸ்ஸலாம், தள்ளாத வயதில் பிள்ளை பெற்றவர். அந்தப் பிள்ளையை எனக்காக அறு என்று இறைவன் கனவில் சொல்கிறான். மலைமேல் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துக் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டார். அந்த நிமிஷத்தில், போதும், நீ சொன்ன சொல் காப்பாற்றுகிறவன் என்று தெரிந்துகொண்டோம், பிள்ளைக்குப் பதிலாக இதை அறு என்று ஒரு செம்மறிக் கிடா வந்து நின்றது. சொர்க்கத்தில் நாற்பது வருஷம் மேய்ந்த கிடா என்று சொல்வார்கள். பிள்ளை பிழைத்தான். அதுதான் பக்ரீத்.

இதுவரைக்கும் பெரியவர்கள் சொன்னது. இதற்கப்புறம் நான் கொஞ்சம் துணி கூடுதலாக விட்டேன். அந்தக் கிடா வரும் வழியில் புதரில் கொம்பு மாட்டிக்கொண்டு அரை நாள் நின்றது. அந்த அரை நாளில் அந்தப் பக்கமாக ஒரு பெட்டை ஆடு போனது. அதன் வம்சம் அரபு நாட்டில் வளர்ந்து, குதிரைக் கப்பலில் ஏறிக் காயல் துறையில் இறங்கி, குதிரை வியாபாரியான என் பாட்டனுக்குப் பாட்டன் கையில் வந்து சேர்ந்தது. குதிரையெல்லாம் பாண்டியன் வாங்கிக்கொண்டான். கிடா எங்களிடம் தங்கிவிட்டது.

முப்பத்திரண்டாவது முட்டில் ஜமீன் கிடா திரும்பி நடந்து போய்விட்டது. நான் சொன்னதைக் கேட்டுத்தான் அதற்குத் தொடை நடுங்கியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

ஜெயித்தது நல்லதுதான். ஜெயித்ததும் கதையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும். அது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கிறேன். நாற்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். தாசில்தாரின் பூர்வீகத்தைப் புதிதாக ஒரு கப்பலும் ஒரு சூறாவளியும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் ஒருத்தன், பின்வரிசை ஆள், முகம்கூட நினைவில்லை, "ஏன் ராவுத்தரே, இவ்வளவு பெரிய பரம்பரைக் கிடாவ முட்டுக்கு விட்டு என்ன புண்ணியம்? அது வம்சத்துக்கு வேலையே வேறயாச்சே" என்றான்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வாயை அத்தனை பேர் பார்த்தால் அது சும்மா இருக்காது. "குடுத்துட்டேன். வர்ற பக்ரீத்துக்கு அல்லாவுக்காகத் தாசில்தாரக் குடுத்துட்டேன்" என்றேன். நாற்பது பேரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். நல்ல கனமான மாஷா அல்லாஹ். வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

குடல்புண். எனக்கு அது ரொம்ப நாளாக உண்டு. என் வீட்டுக்காரி பாத்துமுத்து இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். "குடல்புண்ணா? ஆட்டுக்கு முன்னாடி போய் உக்காந்து அழுறதுக்குப் பேரு குடல்புண்ணா?" என்பாள். கொம்புக்கு எண்ணெய் போடும்போது கண்ணில் பட்டுவிட்டது என்றால் நம்பவா போகிறாள்? குட்டியிலேயே தாய் செத்த கிடா இது. பால் புட்டியில் நான்தான் வளர்த்தேன். அதற்காக யாராவது அழுவார்களா? வியாபாரம் வேறு, வளர்ப்பு வேறு.

எதற்கும் நிலைமையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம் என்று எங்கள் ஊர் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். சிக்கந்தர் ஹஜ்ரத், ஓதிப் படித்தவர், சாது. "ஹஜ்ரத், அந்தப் பூர்வீகமெல்லாம் நான் இட்டுக்கட்டுனது. கிடா தேவாரம் சந்தையில வாங்குன ஆட்டுக்குப் பொறந்தது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். என் ஆயுளில் நான் அப்படிச் சொன்னது அது ஒருதரம்தான். அதற்கு ஒரு மரியாதை உண்டா? "பூர்வீகம் பொய்யா இருக்கட்டும் ராவுத்தரே. குடுத்துட்டேன்னு சொன்னது மெய்யில்ல? வாய்விட்டு நேர்ந்தா நேர்ந்ததுதான்" என்றார். பிறகு, "கிடா நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டார். "அது சாப்பிடுது" என்றேன். "நீங்க?" என்றார். இதெல்லாம் ஒரு ஹஜ்ரத் கேட்கிற கேள்வியா?

இப்போது சந்தியாகுவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் விரோதி. எங்கள் ஊரில் மேற்குத் தெரு நாங்கள், கிழக்குத் தெரு அந்தோணியார் கோயில்காரர்கள், நடுவில் டீக்கடை, அது பொது. சந்தியாகு கிழக்குத் தெரு. குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டினவன். ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் பலப்பத்தைத் தின்றவன். அன்றைக்கே உஷாராகியிருக்கவேண்டும்.

அந்த வருஷம் அவன் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார். எஸ்ரா. கொச்சியில் யூதத் தெருவில் பிறந்து, பத்து வயதில் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறினவர். அவர் குடும்பத்துக்கு ஏலக்காய் வியாபாரம் இருந்தது, அந்தப் பழக்கத்தில் இந்தப் பக்கம் வந்தால் சந்தியாகு வீட்டில்தான் தங்குவார். எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். பேசுவது பாதி மலையாளம், பாதி தமிழ், கோபம் வந்தால் நமக்குத் தெரியாத பாஷை.

ஆக டீக்கடை பெஞ்சில் ஒரு யூதர், ஒரு கிறிஸ்தவன், ஒரு முஸ்லிம். மூன்று பேருக்கும் மூலப் பாட்டன் ஒருத்தர். நான் சொல்வது இப்ராஹீம், சந்தியாகு சொல்வது ஆபிரகாம், எஸ்ரா சொல்வது அவ்ராஹாம். சரியான பங்காளிகள். பங்காளி என்றால் வழக்கு இல்லாமல் இருக்குமா? ஆனால் ஊர் உலகத்தில் பங்காளி வழக்கு எதற்கு வரும்? தோட்டத்துக்கு வரும், கிணற்றுக்கு வரும். எங்கள் வழக்கைக் கேளுங்கள். பாட்டனுக்கு ரெண்டு பிள்ளை, அறுக்கப்போனது எந்தப் பிள்ளையை என்று வழக்கு. "மூத்த பிள்ளை இஸ்மாயில்தான், எங்க ஆளு" என்கிறேன் நான். "ஈசாக்குடா. பேரு போட்டே எழுதியிருக்கு" என்கிறான் சந்தியாகு. எஸ்ரா சந்தியாகு பக்கம். எழுதிவைத்ததே எங்கள் வீட்டில்தான் என்று ஒரு கர்வம் வேறு. எங்கள் ஆள் கழுத்தில்தான் கத்தி வைத்தார்கள் என்று போட்டி போட்டுக்கொண்டு சொந்தம் கொண்டாடுகிற குடும்பத்தை நீங்கள் வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

டீ மாஸ்டர் கேட்டார்: "ஏங்க, அந்தப் பெரியவரு அறுக்கப்போன விஷயம் அவரு சம்சாரத்துக்குத் தெரியுமா?" மூன்று பேரும் இன்னொரு டீ சொன்னோம்.

பிள்ளையோடு முடிந்ததா? அடுத்தது கொம்பு. அந்தக் கிடாவின் கொம்பு ரெண்டும் ரொம்ப காலம் மக்காவில் காபாவில் மாட்டியிருந்தது என்று நான் பெரியவர்கள் சொல்லக் கேட்டதைச் சொன்னேன். எஸ்ரா பெஞ்சைத் தட்டினார். இடக்கொம்பைச் சீனாய் மலையில் மோசே காலத்திலேயே ஊதியாகிவிட்டதாம், வலக்கொம்பு கடைசி நாளில் ஊதுவதற்குப் பத்திரமாக இருக்கிறதாம். கணக்குப் பார்த்தால் ஒரு கிடாவுக்கு நாலு கொம்பு வருகிறது. "கடைசி நாள்ல ஊதப்போறது எங்க வானவர் இஸ்ராஃபீல் இல்ல?" என்றேன். "எங்களுக்கும் எக்காளம் உண்டு. தேவதூதரு, சம்மனசு ஊதுவாரு" என்றான் சந்தியாகு. உலகம் அழிகிற அன்றைக்கும் மைக் யார் கையில் என்று தகராறு.

கொம்புப் பேச்சில்தான் எஸ்ரா தாசில்தாரைப் பார்க்க வந்தார். அவர்கள் வருஷப் பிறப்புக்குக் கோயிலில் செம்மறிக் கிடாக் கொம்பு ஊதவேண்டும். ஓட்டை, விரிசல் இருக்கக்கூடாது. தான் பிறந்த பக்கத்திலிருந்து ஒரு கொம்பு கொண்டுபோகவேண்டும் என்று அவருக்கு ஆசை. தாசில்தாரின் கொம்பைத் தடவிக்கொண்டே நின்றார். ரெண்டு சுற்றுச் சுற்றின கொம்பு, பார்க்கிறீர்களே. "பக்ரீத் கழிஞ்ஞால் இது எனிக்குத் தருமோ?" என்றார். "தாராளமா" என்றேன். இரண்டாவது தாராளம். குடல்புண் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

பக்ரீத்துக்கு ஐந்து நாள் இருக்கும். அதே பெஞ்ச். கனமாக யாரும் பேசவில்லை. நான் சும்மா ஒரு பேச்சுக்கு, சிரிப்புக்குத்தான், "புள்ளைக்குப் பதிலாக் கிடா வந்துச்சு. சரி. கிடாவுக்குப் பதிலா யாருப்பா வருவா?" என்று கேட்டேன். நல்ல ஹாஸ்யம். ஒருத்தனும் சிரிக்கவில்லை. எஸ்ரா தன் கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியாகு பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். காசு கொடுக்காமலே போகிறவன் கிளாஸையும் காலி செய்யாமல் போனது அன்றைக்குத்தான். ரசனை இல்லாத ஆள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் ஜும்மாவுக்குப் போயிருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் தாசில்தாரின் இடது காதில் ரத்தம். நுனியை ஒரே வெட்டாக வெட்டி, மஞ்சள் அப்பி, வேப்பெண்ணெய் தடவி, பக்கத்தில் சந்தியாகு நிற்கிறான். ஒளியவில்லை, மறையவில்லை. கையில் கத்தி.

உங்களுக்கு இதன் அர்த்தம் தெரியவேண்டும். அந்தோணியாருக்கு நேர்ந்த கிடா என்றால் கிழக்குத் தெருக்காரர்கள் காதில் ஒரு வெட்டுப் போடுவார்கள். அந்த வெட்டுத்தான் அடையாளம். இது புனிதருக்கு உரியது, யாரும் கைவைக்கக்கூடாது. எங்களுக்கோ பக்ரீத்துக்கு அறுக்கிற குர்பானிக் கிடா என்றால் ஊனம் இருக்கக்கூடாது. காதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் செல்லாது. அங்கே காது வெட்டினால்தான் செல்லும், இங்கே வெட்டினால் செல்லாது. ஒரே பாட்டன், ஒரே கிடா.

"ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்றேன்.

"நாலு வருசத்துக்கு முன்ன எனக்கு முட்டி ஆபரேசன் பண்ணப்ப இந்தக் கிடாவ அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டேன்" என்றான்.

"என் கிடாவ நீ எப்படிடா நேருவ?"

"நீதானே ஆசுபத்திரில வந்து சொன்ன, என் கிடா உன் கிடா மாப்ளேன்னு."

சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வதுதான். அதை நாலு வருஷம் மனசில் வைத்திருந்து பக்ரீத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வந்து வெட்டுவானா ஒருத்தன்? அதுவும் கிடா எப்படி நின்றிருக்கும் தெரியுமா, புது ஆளைக் கிட்டவே விடாத கிடா. அவன் வெட்டும்போது வாயில் அகத்திக்கீரை. மென்றுகொண்டே இருந்திருக்கிறது. துரோகத்தில் இதற்கும் பங்கு உண்டு.

நியாயம் கேட்கக் கிடாவை இழுத்துக்கொண்டு சிக்கந்தர் ஹஜ்ரத்திடம் போனேன். பாதித் தெரு பின்னால் வந்தது. ஹஜ்ரத் ஒரு நூல் கேட்டார். வலது காதை நூலால் அளந்தார். நூலை மூன்றாக மடித்தார். அந்த மடிப்பை இடது காதில் வெட்டுப்பட்ட அளவோடு சேர்த்துப் பிடித்தார். "மூணுல ஒண்ணுக்கு மேல போயிருக்கு. இது செல்லாது ராவுத்தரே. இதுக்குப் பதிலா வேற கிடா குடுங்க" என்றார்.

நான் வீட்டிலேயே அளந்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஒரு நெல் அளவு குறைவு. மூன்றில் ஒன்றை எட்டவில்லை. எட்டாவிட்டால் செல்லும். "ஹஜ்ரத், நூல இழுத்துப் பிடிச்சிட்டீங்க" என்றேன். "இல்ல" என்றார். "கண்ணாடியப் போட்டுப் பாருங்க" என்றேன். "எனக்குக் கண்ணாடி வேணாம்" என்றார். அது உண்மைதான். ரமலான் பிறையை எங்கள் ஊரில் எல்லோருக்கும் முன்னால் பார்க்கிறவர் அவர். வானத்தில் நகக்கீறல் மாதிரி இருக்கிற பிறை தெரிகிறது, மூக்குக்கு நேரே இருக்கிற காது தெரியவில்லை. படித்தவர்கள் இப்படித்தான்.

வேறு ஒரு கிடா கொடுத்தேன். கறுப்புக் கிடா. அதற்குப் பூர்வீகம் எதுவும் கிடையாது, நானும் சொல்லவில்லை. பூர்வீகம் சொல்ல ஆள் இல்லாதவன்தான் எங்கேயும் அகப்படுகிறான்.

இத்தோடு விட்டார்களா? எஸ்ரா ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, சொன்ன சொல் தவறக்கூடாது என்று நானே போனேன். "கொம்பு வேணும்னீங்களே. கிடா இருக்கு. எப்ப வேணும்?" என்றேன். அவர் வந்தார். கொம்பைப் பிடித்து, வெயிலில் திருப்பி, நகத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதில் ஓட்டை உண்டு. ஞங்ஙளுக்கு எடுக்கான் பற்றில்லா" என்றார். எடுக்க முடியாதாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நாலு வருஷம் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்த கொம்பு. முப்பத்திரண்டு முட்டுக்குக் கீறல் விழாத கொம்பு. "எங்க ஓட்டை? காட்டுங்க" என்றேன். "சின்ன ஓட்டை. உங்களுக்குக் காணான் பற்றில்லா" என்றார். அப்புறம் கிடாவின் நெற்றியில் கைவைத்து அவர் பாஷையில் ஏதோ சொன்னார். திட்டியிருப்பார். ஜீப்பில் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். நான் விறைப்பாகத்தான் நின்றேன். என் கிடாவுக்கு ஓட்டைக் கொம்பு என்று சொன்ன ஆளுக்கு இடுப்பு வளையுமா?

சரி, மூன்றாவது ஆள் பாக்கி. ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா. நேர்ந்த கிடாவை அன்றைக்குத்தானே வெட்டிச் சமைத்துப் போடவேண்டும்? நானும் சந்தியாகுவும் பேசுவதில்லை, அதனால் டீ மாஸ்டரிடம் சத்தமாகச் சொன்னேன்: "நேந்தவரு வந்து ஓட்டிட்டுப் போகலாம். தடுக்கமாட்டேன்." அவன் டீ மாஸ்டரிடம் சொன்னான்: "அந்தோணியாரு கனவுல வந்தாரு. இந்த வருசம் வேணாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னுட்டாரு." அடுத்த வருஷம் கேட்டேன். மறுபடியும் அந்தோணியார் கனவில் வந்திருக்கிறார், மறுபடியும் அதையே சொல்லியிருக்கிறார். மூன்றாவது வருஷம் நான் கேட்கவே இல்லை. புனிதருக்கே ஞாபக மறதி என்றால் நாம் என்ன செய்வது?

இப்படியாக மூன்று பங்காளிகளும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள். நேர்ந்ததைக் கொடுக்கவிடாமல் ஒருத்தன் காதை வெட்டினான். ஒருத்தருக்கு நூல் பிடிக்கத் தெரியவில்லை. ஒருத்தர் இல்லாத ஓட்டையைப் பார்த்தார். ஊரிலேயே பொய்யன் என்று பெயரெடுத்தவன் நான். நான் இவ்வளவு யோக்கியமாக நடந்துகொள்கிறேன், யோக்கியர்கள் மூன்று பேரும் இப்படி.

சந்தியாகுவோடு இன்றுவரை பேச்சு இல்லை. டீக்கடையில் ஒரே பெஞ்ச்தான், முதுகைக் காட்டி உட்காருவேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொண்டுவந்து வாசலில் போடுவான். அதை வாங்கி வைப்பேன். கீரை கிடாவுக்கு. கிடாவுக்கும் அவனுக்கும் சண்டை கிடையாது. ஒரு நாள் கீரை காய்ந்துபோயிருந்தது, அதைக்கூட நான் நேரில் சொல்லவில்லை, பாத்துமுத்து மூலமாகத்தான் சொல்லி அனுப்பினேன்.

என்ன கேட்டீர்கள்? தேனி ஹஜ்ரத் அளந்து, வெட்டு மூன்றில் ஒன்றுக்குக் குறைவுதான் என்று சொல்லிவிட்டால் கிடா என்ன ஆகும் என்றா?

இன்னும் பத்து நாளில் பக்ரீத். என்ன ஆகும், கொடுக்கவேண்டியதுதான்.

இல்லை, நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறது. கறுப்புக் கிடா கொடுத்தாயிற்றே என்பீர்கள். அது ஹஜ்ரத் அளவு சரியென்றால்தான் செல்லும். அளவு தப்பென்றால் நான் தாசில்தார் என்று பெயர் சொல்லிக் கொடுத்தது அப்படியே நிற்கிறது. வயது எழுபத்து நாலு. சரி, எழுபத்தெட்டு. நாளைக்கு மேலே போய் நின்றால் ஒரு கேள்வி வரும். நான் அடித்த கப்பல் கதை, சூறாவளிக் கதை எல்லாவற்றையும் அவன் மன்னித்துவிடுவான், அவனுக்குக் கதை பிடிக்கும், இல்லாவிட்டால் இத்தனை நபிமார்களை அனுப்பியிருப்பானா? ஆனால் குடுத்துட்டேன் என்றாயே, எங்கே என்று கேட்டால்? காதைக் காட்டுவேனா? ஒரு நெல் குறைவு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாதா? மூன்று வருஷமாக இந்த ஒரு நெல் என் தொண்டையில் நிற்கிறது. ராத்திரி படுத்தால் இருமல். பாத்துமுத்து இதற்கும் வேறு பெயர் சொல்கிறாள்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். தேனி வருவதற்குள் ஒருதரம் நீங்கள் அளந்து பாருங்கள். உங்களுக்கு என்னோடும் உறவில்லை, அவர்களோடும் உறவில்லை. எங்கள் பாட்டன் உங்கள் பாட்டன் இல்லை. டேப்புக்கு மதம் கிடையாது. எடுங்கள். பயப்படாதீர்கள், வாயில் இந்த வாழைப்பழத் தோலைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் வலது காது. அடியிலிருந்து நுனி வரைக்கும். ஆமாம், அப்படித்தான். எவ்வளவு? ஆறு அங்குலமா? மூன்றில் ஒன்று ரெண்டு. இப்போது இடது காது, மிச்சம் இருக்கிறதை அளங்கள். நாலுக்கு மேல் வரும். வரவேண்டும். நாலும் ஒரு நெல்லும். பஸ் குலுங்குகிறது, பார்த்து.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? என் முகத்தை எதற்குப் பார்க்கிறீர்கள்? காது அங்கே இருக்கிறது.

எவ்வளவு?

மூன்றேமுக்காலா?

மூன்றேமுக்கால் என்றால், வெட்டுப்பட்டது ரெண்டேகால். ரெண்டுக்கு மேல். அப்படியென்றால் மூன்றில் ஒன்றுக்கு மேல். அப்படியென்றால் செல்லாது.

டேப்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்த மாதிரி இருந்தது. இல்லையா? அடியிலிருந்துதான் பிடித்தீர்களா? நன்றாகத் தெரியுமா?

இல்லை, வேண்டாம். இன்னொரு தரம் வேண்டாம். எத்தனை தரம்தான் வாயில்லாத ஜீவனின் காதைப் பிடித்து இழுப்பது? தொழில் தெரிந்த ஆள், டேப் வைத்து அளந்து சொல்கிறீர்கள். முப்பது வருஷமாகத் தைக்கிறீர்களா? அப்புறம் என்ன. நான் நூலில் அளந்தவன். நூல் நனைந்திருக்கும்.

இது என்ன ஊர்? சின்னமனூரா? கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள், இறங்கவேண்டும். ஆமாம், தேனிக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். தேனியில் இப்போது எனக்கு ஜோலி இல்லை. தாசில்தார், எழுந்திரு. மணி என்ன, ரெண்டா? உடனே எதிர்ப் பஸ் கிடைத்தால் நாலு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். நாலு மணிக்கு அவன் கீரைக்கட்டோடு வந்து நிற்பான். கிடா கட்டின இடம் வெறுமனே கிடந்தால் கண்டதையும் நினைத்துக்கொள்வான், முட்டி ஆபரேஷன் செய்த ஆள், நிற்க முடியாது. பேசமாட்டேன். அதில் மாற்றம் இல்லை. இருமல்கூட இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

வருகிறேன். ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு எந்த ஊரில் கடை என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இந்த அளவில் சட்டை தைத்தால் ஒருத்தனுக்கும் கை நுழையாது.